காற்று வரும் இடம்

பிள்ளைகளுக்குத் தலை சுற்றினால் ஷோ நன்றாகப் போகிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ராஷித் இதைப் பிடித்துக்கொண்டான்.

தொழில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கறுப்புத் துணியில் தைத்த ஒரு டோம். ப்ளோயர் ஊத ஊத, படுத்திருந்த எருமை எழுந்து நிற்பதுபோல் அது எழுந்து நிற்கும். பிள்ளைகள் செருப்பு, ஷூவைக் கழற்றிவிட்டுத் துணிக்குகை வழியாகத் தவழ்ந்து உள்ளே போய் பாயில் வட்டமாக உட்கார வேண்டும். நடுவில் புரொஜெக்டர். உள்கூரை முழுக்க வானம். ராஷித் லேப்டாப்பில் விரலை வைத்து அந்த வானத்தை ஒரு சுழற்று சுழற்றினால், உட்கார்ந்திருக்கும் தரையே நகர்வதுபோல் தோன்றும். உடனே நாலைந்து குரல் கிளம்பும்.

"சார், தல சுத்துது!"

அதற்கு அவனிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "சுத்தாம என்ன பண்ணும்? பூமி சுத்துது, சூரியன் சுத்துது, நம்ம பால்வெளியே சுத்துது. உன் தலை மட்டும் சும்மா இருக்குமா?"

சிரிப்பு அடங்கும்போது கூட்டம் அவன் கைக்குள் வந்திருக்கும். ஆவடியிலும் இதே பதில், அம்பத்தூரிலும் இதே பதில், வெள்ளானூரில் ஓட்டுக்கட்டடப் பள்ளியிலும் இதே பதில். எங்கேயும் தோற்றதில்லை.

இதற்கு முன்னால் அவன் வானகரத்தில் ஒரு குடோனில் ராத்திரி வேலை பார்த்தான். பொட்டலத்தை எடுத்து, கோடு போட்ட சீட்டில் கருவியைக் காட்டி, பெல்ட்டில் போட வேண்டும். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்குக் கிடைத்த வேலை. அங்கே லாரியிலிருந்து சரக்கு இறக்கியவன் லோகேஷ். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டார்கள். பழைய டோம் ஒன்று விலைக்கு வந்தது, சேர்ந்து வாங்கினார்கள். வேன், ப்ளோயர், ஜெனரேட்டர் எல்லாம் லோகேஷ் பொறுப்பு. உள்ளே பேசுவது ராஷித். மனைவி நசீம் பானுவும் மகள் ஃபிசாவும் அவனைப் பகலில் விழித்திருக்கும் மனிதனாகப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். திரும்ப அந்தக் குடோனுக்குப் போகக்கூடாது. ராஷித்துக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் எதுவும் இல்லை.

பள்ளிக்கூடங்கள் கேட்பது சூரியக் குடும்பம் மட்டும். இருபது நிமிடம். சனிக்கோளின் வளையத்தைப் பார்த்து ஓவென்று கத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் ராஷித் தன் கையால் வெட்டி ஒட்டித் தயார் செய்த பகுதி ஒன்று கடைசியில் இருந்தது. அதற்கு அவன் வைத்த பெயர் 'அக்கம்பக்கம்'. பால்வெளியை விட்டு வெளியே வந்து, அதைச் சுற்றியிருக்கும் மற்ற விண்மீன் திரள்களைக் காட்டுவது. இன்னும் இருபது நிமிடம் பிடிக்கும். அதை ஓட்ட எந்தப் பள்ளியும் விட்டதில்லை. வீட்டில் ஃபிசா மட்டும்தான் பார்த்திருந்தாள், லேப்டாப்பில், பல தடவை. சோறு ஊட்டும்போது நசீம் பானு, "நம்ம பக்கத்து வீட்டுக்காரங்க யாரு?" என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள்: "பெரிய மேகம், சின்ன மேகம், தனுசுக் குள்ளன், ஆண்ட்ரோமெடா, முக்கோணம்!" ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாய்.

நவம்பர் மழையில் ஃபிசா படிக்கும் பள்ளியிலிருந்தே அழைப்பு வந்தது. திருவேற்காட்டில் இருந்த பள்ளி அது. தாளாளர் ராஜசேகரன் அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் பாதியை மனை போட்டு விற்று, மீதியில் பள்ளி கட்டியவர். இன்னும் மூன்று பள்ளிகள் வைத்திருந்தார்.

"உன் ஷோவ நானே உக்காந்து பாக்கறேன் தம்பி. புடிச்சிச்சின்னா நாலு ஸ்கூலுக்கும் நீதான். வருசா வருசம்" என்று போனில் சொன்னார்.

அன்று காலை பைக்கில் போகும்போது, முன்னால் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்திருந்த ஃபிசாவிடம் ராஷித் சொன்னான்: "இங்க பாரும்மா. ஷோ நடக்கும்போது நான் அத்தா கிடையாது, சார். குறுக்க குறுக்கப் பேசக்கூடாது. தெரிஞ்ச பதிலா இருந்தாலும் கத்தக்கூடாது. எல்லாரும் உன்னயத்தான் பாப்பாங்க."

"தெரியும் அத்தா."

"என்ன ஆனாலும் பேசக்கூடாது."

"சரி அத்தா."

பள்ளியில் மின்சாரம் இல்லை. மழைக்கு எங்கேயோ கம்பி அறுந்திருந்தது. அது புதிதல்ல, ஜெனரேட்டர் எதற்கு இருக்கிறது? ஆனால் வழக்கமாக அதை நிறுத்தும் வாசல் பக்கம் முழங்கால் தண்ணீர். லோகேஷ் அதை முன் வராந்தாவில் இறக்கி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தான். தடதடவென்று சத்தம் வந்ததும் தலைமை ஆசிரியை வரலட்சுமி குடையோடு ஓடிவந்தார்.

"பக்கத்து ரூம்ல பரீட்சை நடக்குதுப்பா! இந்தச் சத்தத்துல பசங்க எப்படி எழுதுவாங்க? எடு, முதல்ல எடு இதை."

மீதி இருந்த இடம் ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு பக்கம் ஹால் சுவர், மறுபக்கம் காம்பவுண்டு சுவர், மேலே தகரக் கூரை. ஏற்கெனவே ப்ளோயர் அங்கேதான் இருந்தது. ஹால் சின்னது, டோம் அதை அடைத்துக்கொண்டதால் ப்ளோயரைப் பின்கதவுக்கு வெளியே வைத்து, துணிக்குழாயைக் கதவு வழியாக உள்ளே விட்டிருந்தார்கள்.

லோகேஷ் இடுப்பில் கை வைத்து நின்றான். தொழிலில் அவனுக்கு இருந்தது ஒரே சட்டம். ஊதி ஒரு பக்கம், புகை ஒரு பக்கம். டோமை விற்றவர் சொல்லிக்கொடுத்த சட்டம் அது. காரணத்தை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. புகை வாடை உள்ளே வந்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள்.

"மாமே, ரெண்டும் ஒண்ணா வெக்கக்கூடாது. தெரியும்ல?"

"அப்ப ப்ளோயரை முன்னாடி கொண்டுபோ."

"அதுக்கு டோமை அவுத்து, திருப்பிப் போட்டு, மறுக்கா கட்டணும். அரை மணி நேரம் பூடும். பெருசு வாட்ச்சைப் பாத்துகினு கீது."

ராஷித் திரும்பிப் பார்த்தான். ராஜசேகரன் நாற்காலியில் உட்கார்ந்து, மெய்யாகவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கயே வெச்சுடுடா. கொஞ்ச நேரம்தானே. சாரல் அடிக்காம தார்ப்பாய் கட்டிவிடு."

"வாடை?"

"மல்லி அடிச்சுக்கலாம்."

மல்லி என்றது மல்லிகை மணம் வீசும் ஸ்ப்ரே. முப்பது நாற்பது பிள்ளைகள் ஈரக் காலுறையோடு மூடிய துணிக்குள் உட்கார்ந்தால் எப்படி நாறும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஒவ்வொரு ஷோவுக்கும் குழாய் வாயில் இரண்டு தடவை பீய்ச்சுவார்கள். காற்றோடு மணம் உள்ளே பரவும். அன்று லோகேஷ் நாலு தடவை பீய்ச்சினான். பிறகு சந்தின் திறந்த பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினான். நல்ல முடிச்சு. ஒரு சொட்டு சாரல் உள்ளே வராது. எதுவும் வெளியேயும் போகாது.

முதலில் ஐந்தாம் வகுப்பு. இருபது நிமிடம், சூரியக் குடும்பம் மட்டும். தலை சுற்றுகிறது என்று சொன்னவர்கள் வழக்கத்தைவிட அதிகம். ராஷித் பதிலைச் சொன்னான், சிரித்தார்கள். வெளியே வந்ததும் ஒரு பையன் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். "காலையில சாப்பிடாம வந்திருப்பான்" என்று வரலட்சுமி அவனைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். ராஷித்துக்கும் நெற்றிப்பொட்டில் லேசாக வலி. அவனும் காலையில் சாப்பிடவில்லை.

துணிக்குகை வழியாகக் கஷ்டப்பட்டுத் தவழ்ந்து வெளியே வந்த ராஜசேகரன் முழங்காலைத் தட்டிக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா கீதுப்பா. ஆனா என்னா, சட்டுனு முடிஞ்சிடுச்சே?"

"இன்னொரு பார்ட் இருக்கு சார். பக்கத்து கேலக்ஸி எல்லாம் வரும். டைம் ஆகும்னு யாரும் ஓட்ட விடறதில்ல."

"நான் விடறேன். முழுசா ஓட்டு. நான் இங்க உக்காந்துக்கறேன், உள்ள பூந்து வர்றதுக்கு முட்டி எடம் குடுக்கல."

ராஷித் அப்போது அடைந்த சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. குடோனை நினைத்தான், இனி அது கிடையாது என்று நினைத்தான்.

நாலாம் வகுப்பு வரிசையாக வந்தது. ஃபிசாவும் அவள் தோழி கலைவாணியும் கை கோத்துக்கொண்டு நின்றார்கள். "அவளைத் தனியா கவனிக்காதீங்க, மத்த புள்ளைங்க பேசும்" என்று நசீம் பானு காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் டோமுக்குள் எது நல்ல இடம் என்பது ராஷித்துக்குத்தானே தெரியும்? உள்ளே புழுக்கம் தாங்காது. குழாய் வாய்க்கு நேர் எதிரே மட்டும் ஜில்லென்று காற்று முகத்தில் அடிக்கும். எந்தப் பள்ளியிலும் அந்த இடத்துக்குத்தான் அடிதடி. ஃபிசா தவழ்ந்து உள்ளே வந்ததும் அவள் தோளைப் பிடித்து அங்கே நகர்த்தினான்.

"இங்க உக்காரு. காத்து வரும்."

அவள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். கலைவாணி நாலு பேர் தள்ளி உட்கார்ந்தாள்.

சூரியக் குடும்பம் முடிந்தது. வழக்கமாக விளக்கைப் போடும் இடத்தில் ராஷித் போடவில்லை. பால்வெளி கூரையில் சுழன்று, சுருங்கி, ஒரு தட்டு அளவுக்கு ஆகி, சுற்றிலும் கறுப்பு வந்தது.

"இதான் நம்ம ஊரு. பால்வெளி. இத்த பூந்தமல்லின்னு வெச்சுக்குவோம். அதோ தூரத்துல இன்னொண்ணு சாஞ்சிக்கிட்டு நிக்குது பாருங்க, நம்மள விடப் பெருசு. ஆண்ட்ரோமெடா. அது ஆவடி. இங்க இருந்து ஆவடிக்கு பஸ்ஸுல போயிடலாம். அங்க போகணும்னா வெளிச்சமே இருபத்தஞ்சு லட்சம் வருசம் ஓடணும்."

"சார், ட்ராஃபிக் இருந்தா?" என்று ஒருவன் கேட்டான். சிரிப்பு.

"இந்த ரெண்டு பெருசுக்கும் நடுவுலயும் சுத்தியும் குட்டிக் குட்டியா எத்தனை இருக்கு பாருங்க. எல்லாம் சின்ன ஊரு. பெரிய மேகம், சின்ன மேகம். இது ரெண்டும் நமக்குப் பக்கம், பூந்தமல்லிக்கு இந்தத் திருவேற்காடு மாதிரி."

"அப்ப வெள்ளானூர் சார்? என் மாமா ஊடு அங்கதான் கீது."

"அது ஆவடியோட குட்டி. ஆவடி அத்த கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டிருக்கு. உன் மாமாகிட்ட சொல்லி வை."

மறுபடியும் சிரிப்பு, ஆனால் கொஞ்சம் குறைவாக. யாரோ, "சார், தல சுத்துது" என்றார்கள். "எனக்கும் சார்." "சார், தல வலிக்குது." ராஷித் பதிலைச் சொன்னான். பூமி சுத்துது, சூரியன் சுத்துது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கதையில் மூழ்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டான்.

அவனுக்கே மிகவும் பிடித்த இடம் வந்தது. தனுசுக் குள்ளன். குரலைத் தாழ்த்தினான்.

"இது நம்ம பக்கத்துல இருக்கற சின்ன கேலக்ஸி. ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு. அதான் தப்பு. பால்வெளி அத்த பிச்சுப் பிச்சு இழுக்குது. அதோட நட்சத்திரம் எல்லாம் ரிப்பன் மாதிரி நம்மளச் சுத்திக் கிடக்குது. வெடியும் இல்ல, சத்தமும் இல்ல. இன்னும் கொஞ்ச காலத்துல அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது."

இவ்வளவு அமைதியான கூட்டத்தை அவன் பார்த்ததே இல்லை. ஒரு தும்மல் இல்லை, ஒரு கிள்ளல் இல்லை. பின்னால் ப்ளோயர் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. அவன் தலைவலி இப்போது கண்ணுக்குப் பின்னால் சுத்தியல் மாதிரி அடித்தது. வார்த்தைகள் கொஞ்சம் குழறின. ஷோ முடியட்டும், டீ குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

"கடைசியா ஒண்ணு. ஆண்ட்ரோமெடா நம்மளப் பாத்து வந்துக்கிட்டிருக்கு. ஒரு செகண்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல. மோதுமா, மோதாதான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. மோதினாலும் பல நூறு கோடி வருசம் கழிச்சுதான். அதனால பயப்படாதீங்க. நமக்கு ஒண்ணும் ஆகாது."

கைதட்டல் வரவேண்டிய இடம் அது. அவன் விளக்கைப் போட்டான்.

பாதிப் பேர் படுத்திருந்தார்கள். மீதிப் பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். "தூங்கிட்டீங்களா?" என்று ராஷித் சிரித்தான். சிரித்தபடியே எழுந்தவனுக்குக் கால் மடங்கியது. கலைவாணி தன் பாவாடை மேலேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். குழாய் வாய்க்கு எதிரே ஃபிசா பக்கவாட்டில் கிடந்தாள். காற்று அவள் முடியைக் கலைத்துக்கொண்டே இருந்தது. முகம் நன்றாகத்தான் இருந்தது, வெயிலில் விளையாடிவிட்டு வந்தவள்போலச் சிவந்து. ஆனால் உலுக்கினால் எழவில்லை.

அவன் போட்ட கத்தலில் லோகேஷ் வேனிலிருந்து ஓடிவந்தான். பின்கதவுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கியவன் முகத்தில் அறைந்தது புகை. அப்போதுதான் சட்டத்தின் காரணம் அவனுக்குப் புரிந்தது. ஜெனரேட்டரை அணைத்தான். அணைத்ததும் ப்ளோயரும் நின்றது. ப்ளோயர் நின்றால் டோம் நிற்காது. கறுப்புத் துணி மெதுவாக இறங்கி அத்தனை பிள்ளைகள் மேலும் போர்த்திக்கொண்டது.

உள்ளே இருட்டில் ராஷித் ஃபிசாவைத் தூக்கிக்கொண்டு துணிக்குகையைத் தேடினான். வெளியே லோகேஷின் குரல் கேட்டது. "மாமே, அறுக்கறேன்! நவுரு!"

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'டோமை அறுக்கிறானே' என்று ராஷித் நினைத்தான். வேறு எதையும்விட முன்னால் அந்த நினைப்புதான் வந்தது. பிறகு அவனும் கத்தினான், "அறுடா!"

கத்தி துணியைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கால், கை, சட்டை, எது கிடைத்ததோ அதைப் பிடித்து இழுத்து மழையில் போட்டார்கள். பரீட்சை எழுதிய பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து தூக்கினார்கள். முட்டி இடம் கொடுக்காத ராஜசேகரன் இரண்டு கையிலும் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு தன் காருக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஃபிசாவின் விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ராஷித்துக்கு உயிர் வந்தது. டாக்டர் அதைப் பிடுங்காத குறையாக எடுத்துப் போட்டார்.

"இதை நம்பாதீங்க. இந்த விஷப்புகை ரத்தத்துல ஏறினா, இது அதையும் ஆக்ஸிஜன்னு நினைச்சுக் காட்டும். எவ்வளவு நேரமா அவளுக்குத் தலைவலி?"

ராஷித்துக்குத் தெரியவில்லை.

"அப்பா நீங்கதானே? அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன் சார்."

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

பக்கத்துக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்த கலைவாணி கண்ணைத் திறந்தாள். "தல வலிக்குதுன்னு ஃபிசா என்னப் பாத்து சைகை காட்டுனா அங்கிள். உங்கப்பாகிட்ட சொல்லுடீன்னேன். வாயில விரல வெச்சிக்கினா."

நசீம் பானு அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபிசாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மற்றப் பிள்ளைகள் எல்லாரும் இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போனார்கள். போலீஸ் வந்தது. ஜெனரேட்டரை யார் அங்கே வைத்தது என்று கேட்டார்கள். "இவன் வெக்கச் சொன்னான், நான் வெச்சேன்" என்று லோகேஷ் உள்ளதை உள்ளபடி சொன்னான். ராஷித் மறுக்கவில்லை. வழக்கு போட்டு, பிறகு ஜாமீனில் விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் லோகேஷ் தன் பக்கம் போனான், ராஷித் தன் பக்கம் போனான். அதற்கப்புறம் பார்க்கவில்லை. ஜெனரேட்டரும் ப்ளோயரும் போலீஸிடம் போயின. கிழிந்த துணி யாருக்கும் வேண்டாம் என்று ராஷித் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து ஃபிசா கண் விழித்து, பேசி, இட்லி கேட்டு, வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கு எப்போது போகலாம் என்று கேட்டாள். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். துஆ பலித்துவிட்டது என்றார்கள். டாக்டர் மட்டும் ராஷித்தைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மாசம் கவனமா பாருங்க. சில பேருக்கு நல்லாகி, அப்புறம் மூளையில பாதிப்பு திரும்ப வரும்" என்று சொல்லியிருந்தார். ராஷித் அதை நசீம் பானுவிடம் சொல்லவில்லை. டாக்டர் அவளிடமும் தனியாகச் சொல்லியிருந்தார் என்பது அவனுக்குத் தெரியாது.

டிசம்பர் பாதியில் வெயில் வந்தது. குடோனில் மறுபடியும் ராத்திரி வேலைக்குச் சேர்ந்திருந்த ராஷித், தூங்கி எழுந்து, பூஞ்சை பிடித்துக் கிடந்த டோம் துணியை மாடியில் விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். பந்தல் போடுகிறவர் ஒருவர் சாமான் மூட அது வேண்டும் என்று கேட்டிருந்தார். ஃபிசா படியேறி வந்து துணியைப் பார்த்தாள்.

"இது என்ன அத்தா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தான். "தெரியாதா? என்னன்னு நீயே சொல்லு."

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். வலது காலில் இடது செருப்பைப் போட்டிருந்தாள். பாவாடை முன்பக்கம் ஈரமாக இருந்தது.

ராஷித் துணியைக் கீழே விட்டான். "நம்ம பக்கத்து வீட்டுக்காரங்க யாரும்மா?"

அவள் முகம் தெளிந்தது. இது தெரிந்த கேள்வி. "பெரிய மேகம், சின்ன மேகம்" என்றாள். நிறுத்தினாள். "பெரிய மேகம், சின்ன மேகம்." மறுபடியும், "பெரிய மேகம், சின்ன மேகம்." எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டவள்போல அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

கீழே நசீம் பானு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் ஃபிசாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்துலருந்து இப்படித்தான் இருக்கா" என்றாள். "சோத்த வாயில வெச்சுக்கிட்டு முழுங்க மறந்துடறா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நெசமாயிடும்."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்கள். கரையான்சாவடி தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னும் பத்து லாரி. வெயில் ஆட்டோவின் துணிக்கூரையைச் சுட்டது. ஃபிசா அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"அத்தா, தல சுத்துது."

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே" என்றான் ராஷித்.

"பறந்தா போவ முடியும் அண்ணாத்தே? பாத்துகினுதானே கீறே" என்ற ஓட்டுநர், கண்ணாடியில் பின்னால் எட்டிப் பார்த்தார். "கொயந்தைக்கு இன்னா?"

"தலை சுத்துதாம்."

"வெயில்ல வெளாண்டுருக்கும். அதான். எறங்கனதும் ஒரு ஜூஸ் வாங்கிக் குடு, செரியாப் பூடும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஆறுதலுக்குச் சிரித்த சிரிப்புதான் அது, நல்ல மனிதர். ராஷித் ஃபிசாவின் தலையை நிமிர்த்தி, காற்று படட்டும் என்று வெளிப்பக்கமாகத் திருப்பினான். முன்னால் நின்ற லாரி கறுப்பாக ஒரு புகையை விட்டது. சட்டென்று அவள் முகத்தைத் தன் சட்டைக்குள் இழுத்து மூடிக்கொண்டான். லாரி நகரவில்லை.